வெள்ளிக்கிழமை வந்த தண்ணீர்

மாதப்பன் வாழ்க்கையில் முதன்முதலாக அடித்தது ஓர் ஓவர்சீயரை. 1936-இல் ஹுலிமடு அணை கட்டிக்கொண்டிருந்தபோது, பாறை உடைக்க வைத்த தோட்டா நேரம் தவறி வெடித்து அவன் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. ஓடி வந்த ஓவர்சீயர், ஒரு தோட்டா வீணாகிவிட்டதே என்றாராம். ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த அதே கையால் அவர் வாயில் ஒன்று வைத்தான். அவருக்குப் பல் போயிற்று, இவனுக்கு வேலை போயிற்று. என்னிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. வலது கையை ஓங்கியிருந்தால் இரண்டு பல்லாவது போயிருக்கும் என்றான்.

ஹனூர்க்காரன். அணை வேலைக்கென்று மைசூர்ப் பக்கம் வந்தவன் திரும்பிப் போகவில்லை. வேலை போன பிறகு தெரிந்த தொழிலைச் செய்தான். பாறைக்கு வைக்கிற தோட்டாவை ஆற்று மடுவில் போட்டு, செத்து மிதக்கிற மீனைக் கூடை கூடையாக மைசூர் மார்க்கெட்டுக்கு அனுப்பினான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. மடு யாருடையது என்று ஒவ்வொரு கோடையிலும் சண்டை வரும், யாருக்காவது மண்டை உடையும். பெரும்பாலும் உடைத்தவன் மாதப்பனாக இருப்பான்.

சுதந்திரம் வந்த பிறகும் ஊரைவிட்டுப் போகாத சில துரைமார்களும், காப்பித் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து மைசூரில் ஒரு தூண்டில் சங்கம் வைத்திருந்தார்கள். ஹுலிமடுவுக்குக் கீழே எட்டு மைல் ஆறு அவர்கள் குத்தகையில் இருந்தது. தோட்டா போடுகிறவனைப் பிடிக்கத் தோட்டா போட்டவனைத்தான் வைக்க வேண்டும் என்று சங்கத்துக் காரியதரிசி ஹார்ட்லி துரைக்கு எப்படியோ தோன்றி, 1949-இல் மாதப்பனுக்கு ஒரு காக்கிச் சட்டையும் பூண் போட்ட மூங்கில் கழியும் கொடுத்து ஆற்றுக் காவலனாக்கினார். அன்று முதல் அவன் அதே மண்டைகளைச் சம்பளம் வாங்கிக்கொண்டு உடைத்தான்.

நான் சேஷு. அப்பா ரயில்வேக்காக மைசூர் வந்தவர், நான் அங்கேயே பிறந்தவன். அணைக்கு மூன்று மைல் கீழே, ஆற்றங்கரையில் ஓர் ஓட்டுக் குடிசையில் எனக்கு உத்தியோகம். தண்ணீரில் நட்டிருக்கும் அளவுக்கம்பத்தைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பார்த்து எழுத வேண்டும். மதகு எப்போது திறக்கிறார்கள் என்பதைக் கரையில் உள்ளவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதும் நான்தான். அணையில் சங்கு கிடையாது. சங்கு, மணி, தண்டோரா எல்லாம் என் வாய்தான்.

கோடையில் அந்த ஆறு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். மார்ச் பாதியில் வாய்க்கால்களை மூடிவிடுவார்கள். அடிமதகை மட்டும் ஒரு சாண் தூக்கி வைப்பார்கள். அணையின் அடியில் கிடந்த தண்ணீர் என்பதால், மேல் காற்று நெருப்பாய் அடிக்கிற ஏப்ரலிலும் காலை வைத்தால் மரத்துப்போகும். மார்பளவு ஆழத்தில் கூழாங்கல்லை எண்ணலாம், அத்தனை தெளிவு. எட்டு மைல் ஆறும் சுருங்கி மூன்று மடுக்களாகிவிடும். நடுவில் முழங்கால் அளவு ஓட்டம், மற்றதெல்லாம் வறண்ட பாறை. எங்கள் ஆட்கள் யானைக்கெண்டை என்றும் துரைகள் மஷீர் என்றும் சொல்லுகிற மீன்கள், குளிர்ந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு மடுவில் விழுகிற தலைமாட்டில் வந்து வரிசையாக நிற்கும். வெளிச்சம் வந்ததிலிருந்து வெயில் பாறையில் ஏறும் வரை, இரண்டரை மணி நேரம், அவை இரைக்காக மேலே பார்க்கும். ஒன்பது மணிக்கு மேல் பாறைக்கடியில் போய்ப் படுத்துவிடும். மூக்கில் கொண்டுபோய் இரையை வைத்தாலும் வாய் திறக்காது.

அந்தத் தெளிந்த தண்ணீரில் கனத்த தூண்டிலைப் போட்டால் மீன் ஓடிவிடும். அதனால் ஹார்ட்லி துரை இறகு கட்டிய சின்ன முள்ளைத்தான் எறிவார். ஊட்டியில் டிரௌட் மீனுக்கு எறிந்து பழகியவர். காட்டுக்கோழி இறகை முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டித் தருவது மாதப்பன், இருக்கிற எட்டு விரலால். நிழல் தண்ணீரில் விழக் கூடாது, கீழேயிருந்து மேல்நோக்கி எறிய வேண்டும், ஓட்டத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும். இரண்டு அங்குலம் தண்ணீர் ஏறினால் மீன் வெறிபிடித்துக் கடிக்கும். நான்கு அடி ஏறினால் மீனுக்கு ஒன்றுமில்லை, நடுவில் நிற்கிற மனிதன் போய்விடுவான்.

தூண்டிலுக்கு எது நல்ல நேரமோ தோட்டாவுக்கும் அதுவே நல்ல நேரம். மீனெல்லாம் ஒரே இடத்தில், பொறுக்கி எடுக்கத் தெளிந்த தண்ணீர். அதனால்தான் கோடை வந்தால் எங்கள் கரையில் ரத்தம் சிந்தும்.

தோட்டாக்காரர்களுக்குத் தலைவன் கெம்பையன். கல் குவாரி மேஸ்திரி, ஒரு காலத்தில் மாதப்பனின் கூட்டாளி. மாதப்பன் காக்கி போட்டதை அவன் துரோகமாக எடுத்துக்கொண்டான். 1951 பிப்ரவரியில் அவனுடைய ஆள் ஒருவனை மாதப்பன் மடுவில் பிடித்து, பூண் கழியால் இரண்டு விலா எலும்பை முறித்தான். அந்த ஆள் இருமினால் ரத்தம் வந்தது. மாஜிஸ்திரேட் மாதப்பனிடம் ஒரு வருஷத்துக்கு யார் மேலும் கை வைப்பதில்லை என்று ஜாமீன் எழுதி வாங்கினார். துரை ஜாமீன் நின்றார். இன்னொரு அடி விழுந்தால் நேராக ஜெயில் என்று தீர்மானமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் அவன் மனைவி சென்னம்மா என் குடிசைக்கு வந்தாள். பதினோரு வருஷத் தாம்பத்தியம், மூன்று பிறந்து மூன்றும் தங்கவில்லை. இப்போது நான்கு மாதம். "சாமி, அவரு உள்ள போயிட்டா இந்த உசுரும் நிக்காதுங்க. இந்தக் கோடைய மட்டும் கை ஓங்காமத் தாண்டிட்டாப் போதுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். நான் பெரிய மனிதன் தோரணையில், கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவன் கேட்டான். கெம்பையன் ஆட்களை எதிரில் கண்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் தானே சுற்றிக்கொள்வான். அப்படியே நின்று தொண்டை கிழியக் கத்துவான். அவர்கள் சாணியை எறிந்தார்கள். ஒரு நாள் ஒருத்தன் கல்லை எறிந்து புருவத்தைப் பிளந்தான். கண்ணுக்குள் ரத்தம் வழிய என் குடிசைக்கு வந்து, "கைய அவுக்கலீங்க சாமி" என்றான், பரீட்சையில் தேறின மாதிரி. எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

தினமும் மூன்று மணிக்கு வந்து, மறுநாள் மதகு உண்டா இல்லையா என்று கேட்டுப் போவான். நான் சொல்வது அவனுக்கு வேதம். அவன் அதைக் கரையெங்கும் சொல்லி வைப்பான்.

இனி என் யோக்கியதை. மே மாத நடுவில், கீழே இருக்கும் பெருமாள் கோயிலிலிருந்து வழக்கம்போல் ஒரு கடிதம் வந்தது. ஏகாதசியன்று தீர்த்தவாரி, காலை ஏழு மணிக்கு ஆற்றில் தண்ணீர் வேண்டும். வருஷா வருஷம் வருவது, தேதி போடமாட்டார்கள். அணையின் சூப்பரின்டென்டெண்ட் செலுவநாராயணன், மேல்கோட்டை ஐயங்கார், கையெழுத்துப் போட்டு எனக்கு நகல் அனுப்பினார். நான் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை ஏகாதசி. மாதப்பனிடம் வியாழன் காலை ஒருத்தனும் ஆற்றில் இறங்கக் கூடாது என்றேன்.

ஸ்மார்த்தர்களான எங்கள் வீட்டு ஏகாதசியும் வைஷ்ணவர்கள் ஏகாதசியும் வருஷத்தில் சில தடவை ஒரு நாள் தள்ளிப்போகும். மைசூரில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிற எங்களுக்கு இது பால் குடிக்கிற நாளிலிருந்தே தெரியும். இதை வைத்து ஒருவரையொருவர் சீண்டாத வருஷமே கிடையாது. கடிதம் பெருமாள் கோயிலிலிருந்து வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் ஐயங்கார். நான் பார்த்தது என் அம்மா ஆணியில் மாட்டி வைத்திருந்த பஞ்சாங்கத்தை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மாதப்பன் கரையைக் காத்தான். குளிக்க வந்தவர்களைத் துரத்தினான், மாடு ஓட்டி வந்தவனைத் துரத்தினான். ஹார்ட்லி துரையையே தண்ணீரில் இறங்க விடவில்லை. கெம்பையனுக்கும் தண்ணீர் வருகிறது என்று சொல்லி அனுப்பினான். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அந்தக் கோடையிலேயே நல்ல காலைப்பொழுது வீணாகிவிட்டதென்று துரை அவனை நாயே பேயே என்று திட்டிவிட்டு மைசூருக்குக் காரை விட்டார். கெம்பையன் ஆட்கள் அக்கரையிலிருந்து, தண்ணீர் எங்கே, மாதப்பன் பாக்கெட்டில் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் அளவுப் புத்தகத்தைக் கொடுக்க அணை ஆபீசுக்குப் போனேன். பட்டினி வயிறு. செலுவநாராயணன் தூக்கைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏகாதசியும் அதுவுமாக இப்படி வெளுத்துக்கட்டுகிறீரே என்று கேட்டேன். அவர் கையை நக்கிக்கொண்டே, "எங்களுக்கு நாளைக்குத்தான் ஓய்" என்றார். பெருமாளுக்கும் ஒரு நாள் லேட்டாகத்தான் பசிக்குமா என்று கேட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இறங்கி வந்தேன். என் காதில் விழுந்த அந்த வார்த்தைக்கும் மதகுக்கும் சம்பந்தம் உண்டு என்று இந்த மூளைக்கு எட்டவில்லை.

மூன்று மணிக்கு மாதப்பன் வந்தான். முகம் சுண்டியிருந்தது. "தண்ணி வல்லீங்களே சாமி. நாளைக்கு எப்படிங்க?" என்றான். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். குடிசையில் போன் இருந்தது. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. கோயில்காரர்கள் வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள் என்று அடித்துவிட்டேன். "நாளைக்கு ஆறு உன்னுது, போ" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் அளவுக்கம்பத்துப் படியில் நின்றிருந்தேன். எதிரே நூறு கஜத்தில் நடு மடு. முதலில் சத்தம் காதில் விழவில்லை, காலில்தான் பட்டது. பிறகு மடு வெள்ளையாக எழுந்து பனைமர உயரத்துக்குப் போய் விழுந்தது. அடுத்த நிமிஷம் தண்ணீரெல்லாம் வயிறு. ஒரு முழ மீன், இரண்டு முழ மீன், முதுகு உடைந்து ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தவை, செவுளில் ரத்தம் கொப்பளித்தவை. ஆள் நீளத்துக்கு ஒரு கிழட்டு யானைக்கெண்டை, துரை மூன்று கோடையாக இறகு எறிந்து தோற்றுப்போன மீன், பாறையில் முட்டி முட்டி நின்றது. கெம்பையனும் இரண்டு ஆட்களும் கூடையோடு இடுப்புத் தண்ணீரில் இறங்கினார்கள்.

மாதப்பன் மேட்டிலிருந்து ஓடி வந்தான். கழியைக் கீழே போட்டுவிட்டுத் துண்டைக் கையில் சுற்றினான். பல்லால் முடிச்சை இறுக்க முடியாது அல்லவா, பின்னால் விரலாலேயே இறுக்கினான். பிறகு கத்த ஆரம்பித்தான். கெம்பையன் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தான். இன்னொன்று எறிந்தான். "ஹொடி, நோடோண" என்றான். அடி பார்ப்போம் என்று கன்னடத்தில். மாதப்பன் உதட்டில் மீன் செதிளோடு அப்படியே நின்றான். கத்துவதை மட்டும் விடவில்லை.

சட்டென்று கத்தல் நின்றது. அவன் மேல்பக்கம் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். கரையோரக் கற்களில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. மேலே நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பின. என் கம்பத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அங்குலம் ஏறியது. எங்களுக்கு நாளைக்குத்தான் ஓய். அந்த வினாடிதான் எனக்கு அர்த்தமாயிற்று.

தண்ணீர், தண்ணீர் என்று மாதப்பன் அலறினான். அவர்கள் சிரித்தார்கள். நேற்றும் அதைத்தானே சொன்னான். ஆட்கள் இருவர் மட்டும் மேலே பார்த்துவிட்டுக் கூடையை விட்டு ஓடினார்கள். கெம்பையன் கிழட்டு மீனைச் செவுளில் கைவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான், விடமாட்டேன் என்றான். மாதப்பன் துண்டைக் கிழித்துக்கொண்டு, கழியை எடுத்துக்கொண்டு இறங்கினான். வா என்று தோளைப் பிடித்து இழுத்தான். கெம்பையன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவன் முன்கையை எலும்பு வரை கீறினான். அப்போதுதான் மாதப்பன் அடித்தான். பூண் தாடையில் இறங்கியது. கெம்பையன் இன்னும் மீனை விடவில்லை, இன்னொன்று இறங்கியது, கண்ணில். பிறகு தலைமயிரைப் பிடித்து மூட்டையை இழுப்பதுபோல இழுத்தான்.

தண்ணீர் வந்தது. அது அலை மாதிரி வரவில்லை, ஆறு முழுவதும் எழுந்து நடந்து வந்தது. இருவரையும் எடுத்து இரண்டு பாறைகளில் அடித்து, கோயில் படித்துறைக்குச் சற்று மேலே ஒரு மேட்டில் எறிந்தது. படித்துறையில் தீர்த்தவாரிக்கு ஊரே நின்றிருந்தது. அவர்கள் கண்டதெல்லாம், ரத்தம் வழிகிற ஒருத்தனைக் கீழே போட்டு மாதப்பன் மேலே உட்கார்ந்து மார்பில் குத்திக்கொண்டிருந்ததைத்தான். தண்ணீரைக் கக்க வைக்கக் குத்தினான். அவனைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததை வைத்து ஊர் புரிந்துகொண்டது.

ஸ்டேஷனில் அவனை இரண்டு நாள் வைத்து உரித்தார்கள். கெம்பையன் பிழைத்தான், ஒரு கண் போயிற்று, தாடை கோணிக்கொண்டது. தோட்டா போட்டேன் என்று சொன்னால் அவனுக்கும் ஜெயில் என்பதால், கரையோடு போனவனைக் காரணமில்லாமல் அடித்தான் என்றான். செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. மாதப்பன் நடந்ததை நடந்தபடி சொன்னான். தண்ணீர் வியாழக்கிழமை என்று சாமிதான் சொன்னார், வெள்ளிக்கிழமை இல்லை என்றும் அவர்தான் சொன்னார், கேட்டுப்பாருங்கள் என்றான்.

என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். மாதப்பன் என்னையே பார்த்தான், சாமி சொல்லிவிடுவார் என்ற நிச்சயத்தோடு. பின் வரிசையில் சென்னம்மா ஏழாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அவன் அடித்ததற்குக் காரணம் நிற்கும். எனக்கு வேலை நிற்காது. தோட்டா வெடித்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாலும், தண்ணீரைப் பற்றி என்ன சொன்னாய் என்ற கேள்வி பின்னாலேயே வரும். எனக்கு எதுவும் நினைவில்லை என்றேன். நன்றாக நினைவிருந்தது. சொன்ன நேரம், அவன் நின்ற இடம், என் வயிற்றில் இருந்த பசி எல்லாம் நினைவிருந்தது. ஒன்பது மாதம் கடுங்காவல் கொடுத்தார்கள். ஹார்ட்லி துரை அந்த வருஷமே ஊட்டிக்குப் போய்விட்டார். செலுவநாராயணன் அதற்கப்புறம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மறு வருஷம் ஏப்ரலில், காலை ஏழு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் படியில் மாதப்பன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கை மட்டும் அப்படியே இருந்தது. நான் மேலே ஏறி அவன் எதிரில் போய் நின்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். இந்த ஒன்பது மாதமும் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது அப்போது தெரிந்தது.

"அடிச்சுடு மாதப்பா" என்றேன்.

அவன் கை உயர்ந்தது. தோள் உயரத்துக்கு வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

"உள்ள இருக்கறப்ப தெனமும் நெனப்பேனுங்க, வெளிய வந்ததும் மொத அடி உங்களுக்குத்தான்னு" என்றான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இப்ப மூஞ்சியப் பாத்தாத் தெரியுது சாமி. அடி வாங்கிட்டு இன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்கறீங்க. அத எதுக்குங்க நான் குடுக்கோணும்?"

கையைத் தாழ்த்தி வேட்டியில் துடைத்துக்கொண்டான். மாதப்பா, மாதப்பா என்று மேட்டுவரை பின்னாலேயே போனேன், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஹனூரில் சென்னம்மாவின் அம்மா வீட்டில், பிறந்து ஏழு மாதமாகியும் அவன் இன்னும் பார்த்திராத மகள் இருந்தாள். எட்டரை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போய்விட்டான்.